அவைக்கு அஞ்சும் பிள்ளையும் ஆலயப் படிகளும்

(ஆலயத் திருவிழாவையொட்டிப் பெற்றோர்க்கென ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா என்றால் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள் என்பதே பொதுவான எண்ணம். ஆயினும் கூட்டத்தைக் கண்டதும் தாயின் சேலைத் தலைப்புக்குள் முகம் புதைக்கும் பிள்ளையும் உண்டு. "பெயர் என்னம்மா?" என்று பெரியவர் ஒருவர் அன்போடு கேட்பார். பிள்ளை வாய் திறவாது. தாயே முந்திக்கொண்டு பெயரையும் வகுப்பையும் சொல்லிவிடுவார். அருகில் நிற்பவர், "வாய் என்ன ஒட்டிக்கொண்டதா?" என்று சிரிப்பார். அச்சிரிப்பைப் பெரியவர்கள் அக்கணமே மறந்துவிடுவர். பிள்ளையின் நெஞ்சிலோ அது நெடுநாள் தங்கும்.

அச்சத்தின் இயல்பு

அவையைக் கண்டு அஞ்சுவது புதிய நோயன்று. திருவள்ளுவர் 'அவை அஞ்சாமை' என்றே 73-ஆம் அதிகாரத்தை வகுத்தார். போர்க்களத்தில் உயிர்விடத் துணிவோர் பலர் என்றும், அவையில் அஞ்சாது பேசுவோர் சிலரே என்றும் அவர் கருதினார். அதற்கு முந்தைய அதிகாரம் 'அவை அறிதல்' என்பதும் எண்ணத்தக்கது. அவையை அறிந்து பழகுவது முதற்படி. அஞ்சாமை அதன் பின்னரே வாய்ப்பது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் ஜெரோம் கேகன், புதியவற்றைக் கண்டால் மிகுதியாகக் கலங்கும் இயல்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே அமைவதாகக் கண்டார். அத்தகைய பிள்ளைகள் அனைவரும் அச்ச நோய்க்கு ஆளாவதில்லை. வளர்ப்பும் சூழலும் அவ்வியல்பைத் தணிக்கவும் கூடும், வளர்க்கவும் கூடும். ஆகவே கூச்சம் பிள்ளையின் குற்றமன்று. பெற்றோரின் குற்றமும் அன்று.

கூச்சம் வேறு, அச்ச நோய் வேறு. கூச்சமுள்ள பிள்ளை சற்று நேரம் தயங்கிப் பின் கலந்துகொள்ளும். அச்சம் மிகுந்த பிள்ளையோ, பிறர் தன்னைக் கண்டு நகைப்பர் என்று எண்ணி விலகிக்கொண்டே இருக்கும். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காது. சிற்றுண்டிச் சாலையில் பிறர் பார்க்க உண்ணாது. பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வயிற்றுவலி என்று அழும். இந்நோய் பெரும்பாலும் 8 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் தலைகாட்டுவதாக மருத்துவர் கூறுவர்.

ஜொகூர்ப் பிள்ளைகளின் நிலை

அப்பருவத்தில்தான் இம்மாநிலத்துத் தமிழ்ப்பிள்ளைகளின் வாழ்வில் பெரியதொரு மாற்றம் நிகழ்கிறது. குளுவாங், சிகாமட், கூலாய் போன்ற வட்டாரங்களில் சிறிய தமிழ்ப்பள்ளியில், அனைவரும் அனைவரையும் அறிந்த சூழலில் பயின்ற பிள்ளை, 13 வயதில் மலாய்மொழி வழி இடைநிலைப்பள்ளியில் முதற்படிவத்திலோ புகுமுக வகுப்பிலோ சேர்கிறது. மொழி புதிது, முகங்கள் புதியவை. தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் பேசிய பிள்ளையும், சொல் தவறினால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறது. ஆசிரியரோ அதனை ஆர்வமின்மை என்று எண்ணிவிடக்கூடும்.

கொரோனாக் காலத்தையும் மறத்தற்கில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் பல மாதம் மூடப்பட்டன. சிங்கப்பூர் எல்லை 2022 ஏப்ரல் 1-இல் தடையின்றித் திறக்கப்படும்வரை, ஜொகூர்க் குடும்பங்கள் பலவற்றில் தந்தையோ தாயோ அக்கரையில் தங்க நேர்ந்தது. அக்காலத்தில் ஆறேழு வயதினராய் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகளே இந்நாளில் இடைநிலைப்பள்ளிப் பருவத்தை எய்துகின்றனர். பிறரோடு பழகக் கற்கும் ஆண்டுகளை இழந்த அவர்களிடம் கூடுதல் பொறுமை வேண்டும்.

காந்தியடிகள் கண்ட வழி

காந்தியடிகள் சிறுவராய் இருந்தபோது, பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுவாராம். யாரேனும் கேலி செய்வார்களோ என்ற அச்சமே காரணம். இலண்டனில் சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்ற பின்னரும், எழுதிச் சென்ற கருத்தைப் படிக்க நா எழாமையால் பிறரே அதனைப் படித்தனர். பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்று, வினவ ஒன்றும் தோன்றாமல் அமர்ந்துவிட்டார். இவற்றைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே மறையாது எழுதியுள்ளார்.

அவ்வச்சம் எவ்வாறு தணிந்தது? 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்திய வணிகர்கள் கூடிய சிறு கூட்டத்தில், வணிகத்தில் வாய்மை என்னும் பொருள் குறித்துப் பேசினார். கூட்டமோ சிறியது, பொருளோ உள்ளத்துக்கு உகந்தது. அதன்பின் அத்தகைய கூட்டங்கள் தொடர்ந்து நடைபெற்றன. ஒரே நாளில் அச்சம் நீங்கியதென்று கூறுவதற்கில்லை. படிப்படியாகத் தணிந்தது என்பதே உண்மை.

பெற்றோர் செய்யத்தக்கவை

அச்சம் அலையைப் போன்றது. எழும், உச்சியைத் தொடும், நின்று பார்த்தால் இறங்கும். உச்சியில் இருக்கும்போதே பிள்ளையை வெளியே அழைத்துச் சென்றுவிட்டால், "ஓடியதால் தப்பினேன்" என்றே அதன் மனம் பாடம் கற்கும். பிள்ளைக்காகத் தாயே விடை சொல்வதும் அத்தகையதே. அன்பினால் செய்யப்படும் அவ்வுதவி அச்சத்துக்கு உரமாகிறது. அதற்காகப் பிள்ளையை மேடையில் திடீரென்று தள்ளுவதும் தவறு. நீந்தத் தெரியாதவனை ஆழத்தில் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏலி லெபோவிட்ஸ் குழுவினர் 7 முதல் 14 வயது வரையுள்ள 124 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ஒரு சாராரில் பிள்ளைகளுக்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. மறுசாராரில் பெற்றோர்க்கு மட்டும் பயிற்சி அளிக்கப்பட்டது. இரண்டும் ஒத்த பயன் தந்தன. பிள்ளையின் துன்பத்தை ஏற்றுக்கொண்டு, அதன் ஆற்றலில் நம்பிக்கையும் காட்டுவதே அப்பயிற்சியின் உயிர்நாடி. "பயமாக இருப்பது தெரிகிறது, ஆனாலும் உன்னால் முடியும்" என்ற சொல் போதும். அதைச் சொன்னபின், விடை வரும்வரை பத்து நொடி பொறுத்திருக்கவும் வேண்டும்.

ஆலயம் என்னும் ஏணி

இப்பயிற்சிக்கு ஆலயத்தினும் சிறந்த இடம் அரிது. முதலில் பிள்ளை பெற்றோரோடு சென்று அர்ச்சகரிடம் பூத்தட்டை நீட்டலாம், பேச வேண்டியதில்லை. அடுத்துத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மோர்க்குவளையை எடுத்துக் கொடுக்கலாம். பின்னர் "வாங்க, எடுத்துக்கொள்ளுங்கள்" என்னும் சிறு சொல்லைச் சேர்க்கலாம். சமய வகுப்பில் கூட்டமாகத் தேவாரம் ஓதிய பிள்ளை, பின்பு தோழியோடு இருவராக ஓதலாம். அதன்பின் கூட்டம் குறைந்த ஒரு வெள்ளிக்கிழமையில் தனித்து ஓதலாம். ஒவ்வொரு படியிலும் அச்சம் தணியும்வரை பலமுறை நின்று பழகுதல் வேண்டும். மேடை கடைசிப் படியாகவே அமையட்டும்.

மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழா, பிள்ளைகளின் திறமைக்கு நல்லதோர் களம். அதற்கு ஆயத்தம் செய்யும் ஆலயங்கள், பரிசும் மதிப்பெண்ணும் இல்லாத ஓதும் நாள்களையும் ஏற்படுத்தினால் கூச்சமுள்ள பிள்ளைகளும் முன்வருவர். இடையில் வரி மறந்து நிற்கும் பிள்ளையைக் கண்டு அவையினர் நகைத்தல் ஆகாது. ஆசிரியர் மெல்ல அடியெடுத்துக் கொடுக்க, பிள்ளை முடித்துவிட்டு இறங்குவதே வெற்றி. "ஊமைக்கோட்டான்" போன்ற பட்டப்பெயர்கள் ஆலய வளாகத்தில் ஒலித்தலும் கூடாது.

உதவி நாட வேண்டிய வேளை

அச்சம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பிள்ளை பள்ளிக்குச் செல்ல மறுத்தாலோ, வீட்டில் கலகலவென்று பேசுவது பள்ளியில் ஒரு சொல்லும் பேசாதிருந்தாலோ, காலம் தாழ்த்தலாகாது. பள்ளியின் ஆலோசக ஆசிரியரை முதலில் காணலாம். அரசாங்கக் கிளினிக்கின் வாயிலாக மருத்துவமனை மனநலப் பிரிவையும் நாடலாம். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்ற மனநலத் தொலைபேசிச் சேவையும் உண்டு. திருநீறு பூசி வேண்டிக்கொள்வது மனத்துக்குத் தெம்பு; அத்தெம்போடு மருத்துவரிடம் செல்வதில் இழுக்கு ஏதுமில்லை.

கூச்சமுள்ள பிள்ளை பெரும்பேச்சாளர் ஆகவேண்டும் என்பதன்று நோக்கம். வேண்டியதைக் கேட்கவும், நட்புக் கொள்ளவும், தெரிந்ததைச் சொல்லவும் அதன் நா தடைபடாதிருந்தால் அதுவே போதும். அதற்கான பொறுமையைப் பெற்றோர்க்கும், துணிவைப் பிள்ளைகளுக்கும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.