காய்ச்சலா, கள்ளக் காய்ச்சலா?

(ஆலை வாசல் கூட்டமொன்றில் கட்சி ஊழியர் பேசியதன் எழுத்து வடிவம்)



பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் குடியிருக்கிற நமக்கு விமானம் என்றால் தலைக்கு மேலே போகிற இரைச்சல்தான். ராத்திரி ஷிப்டு முடித்துப் பகலில் கண் அயர்கிறவனை எழுப்பிவிடுகிற சத்தம். அதை ஓட்டுகிற கேப்டனுக்கும் மானேஜ்மெண்டுக்கும் நடக்கிற சண்டையை மில் வாசலில் நின்று ஏன் பேச வேண்டும்? நேற்று ஒரு தோழர் கேட்டே விட்டார்: "ஏனுங்க தோழர், மாசம் லட்சக்கணக்கிலே சம்பளம் வாங்கறவங்களுக்கு நாம எதுக்குங்க பரிஞ்சு பேசோணும்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

2010 மே 22-ந் தேதி துபாயிலிருந்து ராத்திரிப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விடிகாலையில் மங்களூரில் இறங்கியது. உள்ளே 166 பேர். ஓடுபாதையில் நிற்காமல் ஓடி, மேட்டிலிருந்து பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. 158 பேர் மாண்டார்கள். வளைகுடா நாட்டில் பிழைக்கப் போய் ஊர் திரும்பியவர்கள் அவர்களில் பலர். ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டுக் கேட்டபோது, கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியது தெரிந்தது. குறட்டைச் சத்தமே பதிவாகியிருந்தது. விழித்தவர் தெளிவதற்குள் விமானத்தை இறக்கப் பார்த்திருக்கிறார். இறக்க வேண்டாம், மேலே கிளப்புங்கள் என்று துணை விமானி மூன்று தடவை சொல்லியும் கேட்கவில்லை. கேப்டன்மேல் தவறு என்று விசாரணைக் கோர்ட் எழுதிற்று. தவறுதான். ஆனால் அந்த நேரத்துத் தூக்கத்தை எந்தச் சட்டம் போட்டுத் தடுப்பது? விடியற்காலை மூன்று மணிக்கு ரிங் பிரேமில் நிற்கிற பெண்ணைக் கேளுங்கள், அவள் சொல்வாள்.

விமானிக்கு எத்தனை மணி வேலை, எத்தனை மணி ஓய்வு என்று விதி போடுவது டி.ஜி.சி.ஏ. என்கிற சர்க்கார் இலாகா. பழைய விதியில் வாரத்துக்கு 36 மணி நேரம் ஓய்வு. ராத்திரி டூட்டியில் ஆறு தடவை வரை விமானத்தை இறக்கலாம். 2024 ஜனவரியில் புது விதி எழுதினார்கள்: வார ஓய்வு 48 மணி, ராத்திரியில் இரண்டே இறக்கம். அந்த வருஷம் ஜூன் 1 முதல் அமுல் என்றார்கள். கம்பெனிகளுக்குக் கசந்தது, தள்ளிப் போட்டார்கள். விமானிகள் சங்கங்கள் டெல்லி ஹைகோர்ட்டில் போய் நின்ற பிறகுதான் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு தவணையாக வந்தது.

ஏறக்குறைய இரண்டு வருஷம் அவகாசம்! நாட்டின் விமானப் பயணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிற இண்டிகோ கம்பெனி அதற்குள் வேண்டிய ஆளை எடுத்திருக்க வேண்டாமா? 2025 டிசம்பர் 3, 4, 5 ஆகிய மூன்று நாளில் அந்தக் கம்பெனியின் 2,507 விமானங்கள் ரத்தாயின. மூன்று லட்சம் பேருக்கு மேல் தவித்தார்கள். சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? டிசம்பர் 5-ந் தேதி, ராத்திரி விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது. ஆளை எடுக்காதவனுக்குச் சலுகை! அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. லீவு நாளை வார ஓய்வாகக் கணக்கெழுதக் கூடாது என்றிருந்த ஷரத்தை எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்து வாபஸ் வாங்கிவிட்டார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டு அலைந்தவனுக்கு அதுவே வார ஓய்வு என்று எழுதலாம்!

பிறகு 2026 ஜனவரியில் 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். ஆட்களையும் விமானங்களையும் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் இழுத்துக் கட்டியதே காரணம் என்று விசாரணைக் கமிட்டியே சொல்லிற்று. நம் பாஷையில் இதற்குப் பெயர் வேலைப்பளு.

இனி நோய்க்கு வருவோம். உடம்பு சரியில்லை என்று கேப்டன் எழுதிக் கொடுத்தால் மானேஜ்மெண்ட் முதலில் சந்தேகப்படுகிறது. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் அமைத்தார்கள். சிலரை வேலைநீக்கம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோர் 'நோய்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். ஐந்தாறு நாளில் கம்பெனி இறங்கிவந்து நீக்கியவர்களை எடுத்துக்கொண்டது. அது நோயல்ல, போராட்டம்தான். 2012-இல் ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வெளியே நின்றார்கள். அங்கே தகராறு புதிய விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்பது; எனக்கு அதில் அவ்வளவு ஒப்புதல் இல்லை. ஆனால் நேரடியாக நிற்கிற வழியெல்லாம் அடைபட்டால் மனிதன் எந்தச் சந்தில் நுழைவான்? 2017-இல் டி.ஜி.சி.ஏ. போட்ட விதிப்படி ஒரு கேப்டன் வேலையை விட ஒரு வருஷம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்துப் பண்ணையாள் முன்பணம் வாங்கிவிட்டுத் தோட்டத்தை விட்டு நகர முடியாமல் கிடந்ததுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

எல்லா நோயும் போராட்டமல்ல. 2025 ஜூன் 12-ந் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்தார்கள். நாலாம் நாள், ஜூன் 16-ந் தேதி, அந்தக் கம்பெனியின் விமானிகள் 112 பேர் உடல்நலமில்லை என்று சொன்னார்கள். பார்லிமெண்டில் மந்திரியே சொன்ன கணக்கு. கூட வேலை செய்தவன் கருகிச் செத்த செய்தி கேட்டவனுக்கு நாலு நாள் தூக்கம் வருமா? அந்த மனத்தோடு நூற்றைம்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பாமல், 'இன்று என்னால் முடியாது' என்று சொன்னானே, அவன் செய்தது பயணிக்கு நன்மையா, தீமையா?

நான் ஒரு மில்லில் பதிலி ஆளாக இருந்த காலம். கார்டிங்கில் என்னோடு இருந்தவனுக்கு நல்ல காய்ச்சல். மேஸ்திரியிடம் சொன்னான். "காய்ச்சலா, கள்ளக் காய்ச்சலா?" என்றார் மேஸ்திரி. பதிலிக்கு ஏது எதிர்ப்பேச்சு. மெஷினுக்குத் திரும்பிப் போனான். ஒரு மணி நேரத்தில் இரண்டு விரல் போயிற்று. அன்று போனது அவனுடைய விரல் மட்டும். கேப்டனுக்கு அதே கேள்வி வந்தால் போவது 158 உயிர்.

இதுதான் அந்தத் தோழருக்கு என் பதில். கேப்டனுடைய சம்பளத்துக்காக நான் பேச வரவில்லை. சம்பளம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் சங்கங்களை அவர்கள் திரும்பிப் பார்த்ததும் குறைவு. விமானத்தில் மூட்டை ஏற்றுகிற காண்டிராக்ட் கூலிக்காரனுக்கு எத்தனை மணி வேலை என்று கேட்ட கேப்டனை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் சார்ஜாவுக்குப் போவதும் வருவதும் அவர் ஓட்டுகிற விமானத்தில்தானே! கவலை ஓட்டி இறைத்த காலத்தில், உச்சிப் பொழுதானால் எருதை அவிழ்த்துவிடச் சொல்லுவார் தோட்டக்காரக் கவுண்டர். எருதின்மேல் இரக்கம் மட்டுமல்ல. களைத்த எருது பின்னால் சறுக்கினால் கிணற்றுக்குள் போகும், அவருக்குத் தெரியும்.

அந்த அறிவு இன்றைய முதலாளிக்கு இல்லை. 2023 ஏப்ரல் 21-ந் தேதி இதே தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறிற்று. சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகே மே தினத்தன்று வாபஸ் என்றார் முதலமைச்சர். விமான நிலையத்தைத் தாண்டினால் சின்னியம்பாளையம். 1946 ஜனவரி 8-ந் தேதி தூக்கிலேறிய ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரின் ஊர். எட்டு மணி வேலையும் வார விடுமுறையும் எப்பேர்ப்பட்ட நாட்களில் வந்தன என்று அங்கே போய்க் கேளுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். மூன்றாம் ஷிப்டில் யாரை எத்தனை நாள் தொடர்ந்து போட்டிருக்கிறார்கள், காய்ச்சல் என்று சொல்லியும் யாரை மெஷினுக்கு அனுப்பினார்கள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண்பிள்ளைகளுக்கு வார ஓய்வு உண்டா இல்லையா, இவற்றைத் தேதி போட்டு எழுதிக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், நான் எழுதிக்கொள்கிறேன். ராத்திரி ஒன்பது மணி வரை சங்க ஆபீசில் இருப்பேன்.