மூளையின் அலைகளும் மனிதரின் ஒப்புதலும்

(விம்கோ நகரில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இச்சங்கத்தின் இரவு வகுப்பில் பயின்று வெளியேறியவர்களுள் நாங்கள் மூவர், மூளை மின்னலை ஆய்வுக்கூடம் ஒன்றில் சில ஆண்டுகள் தொழில்நுட்ப உதவியாளர்களாகப் பணிபுரிந்தோம். அம்மூவரின் பொதுவுரையாகவே இதனை ஏற்குமாறு வேண்டுகிறோம். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய இந்நகரில் பிறந்தவர்களுக்கு மூளை ஆராய்ச்சியோடு என்ன தொடர்பு என்று எவரேனும் வினவக்கூடும். தொடர்பு உண்டு. ஆய்வுக்கூடத்திற்குக் கருவி எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை, அக்கருவியின் முன் வந்து அமரும் மனிதர். அம்மனிதர்களைத் தேடி ஆய்வாளர்கள் நம் தெருக்களுக்கும் வருகின்றனர்.

இதயத் துடிப்பை வரைந்து காட்டும் இ.சி.ஜி. கருவியை நீங்கள் அறிவீர்கள். மூளைக்கும் அத்தகைய கருவி ஒன்று உண்டு, அதுவே இ.இ.ஜி. ஆகும். தலையின் மேற்பரப்பில் சிறு உலோக வட்டுகளைப் பசையிட்டுப் பொருத்தினால், மூளையின் நரம்பணுக்கள் கூட்டாக எழுப்பும் மின்னழுத்தத்தை அவை வாங்கித் தருகின்றன. அதன் அளவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரையே. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு மைக்ரோவோல்ட். ஆதலால் கண் இமைத்தாலும், பல்லைக் கடித்தாலும், வியர்த்தாலும் வரைவு கெடும். கருவி தலையிலிருந்து வாங்குகிறதேயன்றித் தலைக்குள் மின்சாரம் எதனையும் செலுத்துவதில்லை. முதன்முதலாக வருவோர் அனைவரும், ஒருவர் விடாமல், கேட்கும் கேள்வி இதுவாகையால் இதனை அழுத்திக் கூறுகிறோம்.

ஜெர்மனியின் ஜேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924 இல் மனித மூளையின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929 இல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக அமர்ந்திருக்கையில் நொடிக்கு 8 முதல் 13 முறை எழுந்தடங்கும் ஆல்பா அலையைக் கண்டவர் அவரே. அப்பேரறிஞரே பின்னாளில் நாஜி ஆட்சியின் மரபுநல மேல்நீதிமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்து, கட்டாய மலடாக்க வழக்குகளில் பங்கேற்றார் என்பதையும் வரலாறு பதிந்துள்ளது. நுண்ணிய அலையைக் கண்ட கண், எதிரே நின்ற மனிதரைக் காணவில்லை.

இனி எங்கள் பணிக்கு வருவோம். இ.இ.ஜி. எடுப்பவரின் முதல் வேலை தொடுதல். நெற்றியிலிருந்து பிடரி வரையிலும், ஒரு காதிலிருந்து மறு காது வரையிலும் நாடாவால் அளந்து, முடியை வகிர்ந்து, தோலைத் துடைத்து, பசையிட்டு, ஒவ்வொரு மின்முனையாக ஒட்ட வேண்டும். அரைமணி நேரத்திற்குக் குறையாமல் ஒருவர் தலை மற்றொருவர் கையில் இருக்கும். இந்நாட்டில் தொடுதல் என்பது என்னவென்று இவ்வவையில் விளக்க வேண்டியதில்லை. எங்களிடம் தலையைக் கொடுக்குமுன், “தம்பிக்குச் சொந்த ஊர் எது? எந்தப் பக்கம்?” என்று இனிமையாகக் கேட்டவர்கள் பலர். விம்கோ நகர் என்றோம். அதற்கு மேலும் கேட்டவர்கள் உண்டு. அதேபோல், நம் மக்கள் வந்து அமர்ந்தபோது கையுறையை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அணிந்துகொண்ட பணியாளரையும் கண்டோம். தூய்மை காரணம் என்றார். அடுத்து வந்த மற்றொருவருக்கு ஒற்றைக் கையுறையே போதுமானதாயிருந்தது.

ஆயினும் பிறரைக் குறை கூறிவிட்டு அமர்ந்துவிட எங்கள் மனம் இடந்தரவில்லை. எங்கள் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

அன்றாடக் கூலிக்குப் பணிபுரியும் பெண்களின் உறக்கத்தையும் கவனத்தையும் ஆராயும் திட்டமொன்றிற்குப் பங்கேற்பாளர் போதாமல் இருந்தது. “உங்கள் பகுதியில் ஆள் கிடைக்காதா?” என்றனர். நாங்களும் பெருமையோடு எங்கள் தெருவிற்கு வந்து, மீன் ஏலக் கூடத்தில் கூடை சுமக்கும் அக்காள் ஒருவரை அழைத்துச் சென்றோம். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் சாரத்தை இரண்டு நிமிடத்தில் கூறினோம். அவர், “நீங்க சொன்னா சரிதாம்பா” என்று கைநாட்டு வைத்தார். அன்றைய கூலி அவருக்குப் போயிற்று. ஈடாகக் கிடைத்தது ஒரு தேநீரும் பேருந்துக் கட்டணமும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வர வேண்டும் என்று முன்னதாகச் சொல்லவும் மறந்திருந்தோம். எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனை பற்றவில்லை. இருமுறை தலையைத் தேய்த்தும் பதிவு தெளியாமற் போகவே, அதனைக் கழித்துவிட்டனர். சில நாள் கழித்து அவர் எங்களை வழியில் நிறுத்தி, “என் மூளையில என்னப்பா இருந்துச்சு?” என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

கைநாட்டு வைத்து இழந்த கதை நம் பாட்டன்மாருக்குப் புதிதன்று. 1892 ஆம் ஆண்டு அரசாணைப்படி செங்கற்பட்டு மாவட்டத்தில் நம்மவர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கைமாறிய வரலாற்றை இச்சங்கத்தின் மேடையிலேயே பலமுறை கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்த நாங்களே, எங்கள் முகத்தை நம்பிய ஒருவரிடம் படிக்காத தாளில் விரலைப் பதியச் செய்தோம். அவர் ஒப்பியது ஆய்விற்கன்று, எங்களுக்கு.

முறை என்னவென்று பின்னரே கற்றோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் செய்தி கூறப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் எனில், ஆய்வைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எந்த நேரத்திலும், காரணம் கூறாமலும், விலகிக் கொள்ளலாம். விலகியதற்காகச் சிகிச்சை மறுக்கப்படலாகாது. இழந்த கூலியையும் பயணச் செலவையும் ஈடு செய்யலாம். ஆனால் தொகையைக் காட்டி ஆசையூட்டலாகாது. ‘ஆய்வுப் பொருள்’ என்னாது ‘பங்கேற்பாளர்’ என்று சொல்லும் வழக்கமும் இன்று வேரூன்றியுள்ளது. சொல் மாறினால் மட்டும் போதுமா என்பது வேறு.

ஒப்புதல் என்பது ஆய்வுக்கூடத்தோடு முடிவதன்று. இதே மூளை அலைகளைக் கொண்டு குற்றவாளியைக் கண்டறியலாம் என்று காவல்துறையினர் முற்பட்ட காலம் உண்டு. அறிமுகமான சொல்லோ படமோ எதிர்ப்பட்டால், ஏறத்தாழ நொடியின் பத்தில் மூன்று பங்கு கழித்து மூளையில் ஓர் அலை எழுகிறது என்பதே அதன் அடிப்படை. 2008 இல் புனே நீதிமன்றம் ஒன்று இத்தகைய சோதனையையும் ஒரு சான்றாகக் கொண்டு தண்டனை வழங்கியது. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தடையிட்டது. உண்மை மருந்து, பொய்யறி கருவி, மூளை வரைபடம் ஆகிய மூன்றையும் ஒருவர் விருப்பமின்றி அவர்மீது செலுத்தலாகாது என்பது தீர்ப்பு. தன்னைத் தானே குற்றத்திற்குள்ளாக்குமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 20(3) ஆம் பிரிவும், வாழ்வுரிமை கூறும் 21 ஆம் பிரிவும் அதற்கு அடிப்படையாயின. அச்சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அண்ணல் அம்பேத்கர். தீர்ப்பளித்த ஆயத்தின் தலைவர், நம்மவருள் முதன்முதலாக இந்தியத் தலைமை நீதிபதியான கே. ஜி. பாலகிருஷ்ணன் அவர்கள். வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி வழக்கில் 2023 இல் நம் மக்களிடமே மரபணுச் சோதனைக்கு இரத்தம் கேட்கப்பட்டு, சிலர் தர மறுத்ததை நினைவிற்கொள்வோர்க்கு, இவ்வழக்கின் பெயரை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் ஆய்விலிருந்து ஒதுங்கிவிடலாமா என்று இளைஞர்கள் கேட்கின்றனர். ஒதுங்குதல் கூடாதென்பதே எங்கள் கருத்து. உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றோருள் மிகப் பெரும்பாலோர் மேலைநாட்டு வசதி படைத்தவர் என்று ஜோசப் ஹென்ரிக் முதலியோர் 2010 இல் எடுத்துக்காட்டினர். அவ்வெண்ணம் கொண்டே தமிழ்நாட்டில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. தன்யா பரமேஸ்வரன், தாரா தியாகராஜன் ஆகிய ஆய்வாளர்கள், மின்சாரமும் எட்டாத குக்கிராமம் முதல் பெருநகரம் வரை 48 ஊர்களில் 402 பேரிடம் இ.இ.ஜி. பதிந்து 2017 இல் முடிவுகளை வெளியிட்டனர். வருமானமும் போக்குவரத்து, தொலைத்தொடர்பு முதலிய வசதிகளும் மிக்கோரிடம் ஆல்பா அலை வலுத்தும், அவை அற்றோரிடம் மெலிந்தும் காணப்பட்டது.

இச்செய்தியை இருவகையாகப் படிக்கலாம். ஏழையின் மூளை தாழ்ந்தது என்று படிப்பவன் பிறப்பிலே தாழ்வு கற்பித்த பழைய ஏட்டைப் புதிய எழுத்தில் படிக்கிறான். வாழ்நிலை மூளையிலும் தன் சுவட்டைப் பதிக்கிறது என்று படிப்பவன், பள்ளியும் சாலையும் விளக்கும் இல்லாத ஊருக்கு யார் பொறுப்பு என்று கேட்பான். அளவை ஒன்றே, படிப்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு. அப்படிக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்கிறோம்.

கருவியேகூட யாரை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. சுருண்டடர்ந்த முடியில் வழக்கமான மின்முனை நில்லாமையால், அமெரிக்கக் கறுப்பின மக்கள் பல ஆய்வுகளில் விடுபட்டனர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆர்னெல் எட்டியென் என்னும் கறுப்பின மாணவி, பின்னிய முடியின் இடைவெளியிலேயே பொருந்தும் மின்முனையை உடன் ஆய்வாளர்களோடு உருவாக்கினார்; 2020 இல் அது உலகறிந்தது. குறை முடியில் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மற்றொரு வாயிலும் உண்டு. மனிதரைக் கொண்டு ஆய்வு நடத்தும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் நெறிமுறைக் குழு இருத்தல் வேண்டும். அதன் தலைவர் வெளியார். உறுப்பினருள் மருத்துவம் சாராத பொதுமக்கள் ஒருவர் கட்டாயம். ஒப்புதல் படிவம் சாதாரண மக்களுக்கு விளங்குமா என்று பார்த்துச் சொல்வது அவ்வுறுப்பினரின் கடமை. அவ்விருக்கைக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. படிக்கத் தெரிந்திருந்தால் போதும். நம் சங்கத்தில் அத்தகுதி உடையோர் எத்தனையோ பேர். வடசென்னையைச் சூழ்ந்த மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிலையங்களுக்கும் சங்கத்தின் பெயரால் கடிதம் எழுதி, இவர் இவர் இப்பணிக்கு ஆயத்தமாயுள்ளனர் என்று தெரிவிக்கச் செயற்குழு முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். கடிதத்தின் வரைவை நாங்களே எழுதிக் கொணர்ந்துள்ளோம். செயலாளர் அவர்களிடம் இப்போது ஒப்படைக்கிறோம்.