ஐவிரலில் அடங்கும் அருந்தமிழ்



பொருநை பாயும் நெல்லைச் சீமையில், பாளையங்கோட்டையிலே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்சு சுவைன்சன் அம்மையார் செவிகேளாப் பிள்ளைகட்கெனப் பள்ளியொன்றைத் தோற்றுவித்தார். அத்தகைய பிள்ளைகளுக்கு விரலே நா, கண்ணே செவி. அவ்விரலின் பேச்சு கணிப்பொறிக்கும் விளங்குமா? விளங்கும்!

1980இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் இரிச்சர்டு போல்ட்டு என்பார், கையாற் சுட்டியும் வாயாற் சொல்லியும் திரையிலுள்ள உருக்களை இடம்பெயர்த்துக் காட்டினார். அன்று மணிக்கட்டில் உணர்கருவி கட்ட வேண்டியிருந்தது. இன்று அதுவும் வேண்டா. படப்பொறி ஒன்றே போதும். 2019இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள், கையொன்றில் 21 புள்ளிகளைக் கண்டறிகின்றது. எவ்விரல் நிமிர்ந்தது, எவ்விரல் மடங்கியது என்பதை அப்புள்ளிகளே சொல்லிவிடும்.

இனி, கையை விரித்து எண்ணிப் பாருங்கள். ஒரு விரலுக்கு நிமிர்தல், மடங்கல் என இரண்டே நிலை. ஐந்து விரலுக்கு 32 நிலைகள். மூடிய கையை ஓய்வுக்கென ஒதுக்கினால் எஞ்சுவன 31. தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31! மெய்யைக் காட்டி உயிரைக் காட்டின் உயிர்மெய் பிறக்கும். 216க்கும் தனிக்குறி வேண்டா. ஸ, ஷ, ஜ, ஹ எனும் வடவெழுத்துகளைப் புகுத்துங்கள். ஒரு கையின் கணக்கு அப்போதே உடைந்துபோம். விரல்நிலைகளால் தமிழெழுத்தைக் கணிப்பொறிக்கு உணர்த்தும் முயற்சியைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டளவிலேயே செய்து காட்டினர்.

ஆயினும் எழுத்துக்குறி வேறு, கைம்மொழி வேறு. கைம்மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் முகமும் பேசும். மோதிர விரலை மட்டும் நிமிர்த்துவதும் எல்லார்க்கும் எளிதன்று. எக்குறி இயல்பானது என்பதை அப்பிள்ளைகளின் கைகளே முடிவு செய்தல் வேண்டும்.

பொறிக்குத் தானாக எதுவும் தெரியாது. காட்டிய கையையே அது கற்கும். 2018இல் தில்லியிலுள்ள இந்தியக் கைம்மொழி நடுவம் வெளியிட்ட முதல் அகரமுதலி 3,000 சொற்களைக் கொண்டிருந்தது. அவற்றுக்கு எழுத்தில் பொருள் தந்த மொழிகளோ இந்தியும் ஆங்கிலமுமே! தமிழ்ப் பிள்ளையின் கையசைவுக்குத் தமிழில் விடை தரும் பொறியைத் தமிழரன்றி யார் ஆக்குவார்?

பொறியியல் பயிலும் இளைஞர்களே! பொருநைக் கரைப் பிள்ளைகளிடம் மாணவராய்ச் சென்று அமருங்கள். அவர்தம் விரல் காட்டுவதைப் பொறிக்குக் கற்பியுங்கள். கேளாச் செவிக்கும் தமிழ் எட்டட்டும்!