பாம்பன் பாலமும் நம் லிஃப்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராமேஸ்வரத்துக்கு வேனா, ரயிலா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகப் பேச்சு. "புதுப் பாலத்தை நம்பிப் போகலாமா?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார்கள். அடிக்கல் போட்ட நாளிலிருந்து அந்தச் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன் என்பதால் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள்.

சாட்சியாபுரம் கேட்டில் காத்துக் கிடந்தே பழகிய நமக்கு ரயில்வே வேலையின் வேகம் புதிதல்ல. அடிக்கல் 2019 மார்ச். திறப்பு 2025 ஏப்ரல் 6. இடையில், 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்குச் சாலை வழி மட்டும்தான்.

பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் போக வழிவிடும் நடுப்பகுதி 72.5 மீட்டர், எடை சுமார் 660 டன். பாலம் வளைந்து போவதால், 2024-ல் அதைக் கரைப் பக்கமிருந்து நகர்த்தி இடத்தில் சேர்க்கவே மாதக்கணக்கில் ஆனது. பழைய பாலத்தில் ஆட்கள் நெம்புகோல் தள்ளி இரண்டு பாதியாகத் திறப்பார்கள். இது அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகும். நம் பிளாக் லிஃப்டின் தத்துவம்தான்! இரண்டு கோபுரங்களிலும் எதிர் எடை தொங்குகிறது. அது பாரத்தைச் சமன் செய்துவிடுவதால் மோட்டாருக்கு முழு எடையையும் தூக்கும் வேலை இல்லை. (கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், நம் ஜெனரேட்டர் கதை வேறு.)

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாலத்தை ஆய்வு செய்தார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்ல. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். அதனால் தயங்காமல் எழுதினார்: நடுப்பகுதியின் வடிவமைப்பு ரயில்வேயின் சொந்தத் தர அமைப்பான ஆர்டிஎஸ்ஓவின் தரப்படி இல்லை, அரிப்பு இப்போதே தெரிகிறது என்று. வடிவமைப்பைச் சென்னை, மும்பை ஐஐடிகள் சரிபார்த்தன என்றது ரயில்வே. ஐந்து பேர் குழுவும் போட்டது. ஆணையரும் அனுமதியை மறுக்கவில்லை. பாலத்தில் மணிக்கு 75 கி.மீ., தூக்கும் பகுதியில் 50 கி.மீ. என்று வேகத்தைக் கட்டுப்படுத்தித்தான் கொடுத்தார்.

என்னைக் கேட்டால் ரயிலில் போகலாம். குறையை மறைக்காமல் எழுதிவைத்த பாலத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் உப்புக்காற்று விடாது. நம் போர்வெல் தண்ணீர் மொட்டைமாடிக் குழாயை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்கிறோமே! பெயின்டும் பராமரிப்பும் எப்படி நடக்கின்றன என்பதைத்தான் இனி நான் கவனிக்கப் போகிறேன்.

டிக்கெட் போடுபவர்கள் பகலில் பாலத்தைக் கடக்கிற வண்டியாகப் பார்த்துப் போடுங்கள். ராத்திரி போனால் இருட்டுதான் தெரியும். பெயர் கொடுக்க வேண்டியவர்கள் வெளியே போகும்போது செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.