மூலப்பதிவைக் காப்போம், பிரதியில் பணிபுரிவோம்

(ஓக்லாந்தின் நியூ லின் பகுதியில், ஒளிப்பதிவுத் தொண்டர்களுக்கான பயிற்சி நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எமது மூத்தோர் தமது ஊரையும் பள்ளிக்கூடத்தையும் இடப்பெயர்வையும் இழப்புகளையும் தமது வாயாலேயே கூறும் நேர்காணல்களை நீங்கள் பதிவுசெய்து வருகிறீர்கள். கையில் ஒரு கைத்தொலைபேசி இருந்தாலே இன்று பதிவு செய்துவிடலாம். ஆனால் பதிவானவற்றுள் பெரும்பகுதி வன்தட்டுகளிலேயே உறங்குகிறது. கோப்பைப் படத்தொகுப்பு மென்பொருளில் இட்டவுடன் படம் திக்குகிறது. உதடும் ஒலியும் பொருந்த மறுக்கின்றன. கணினி உறைந்து நிற்கிறது. இரண்டு மாலைப் பொழுதுகள் போராடிய தொண்டர் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுகிறார். இது அவரது திறமைக்குறைவு அன்று. கோப்பின் அமைப்பிலேயே இதற்கான காரணம் உள்ளது.

1920க்கு 1080 என்ற அளவுடைய ஒரு சட்டகத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 25 சட்டகங்களைச் சுருக்காமல் சேமித்தால், ஒரு விநாடிக்கு மட்டும் ஏறத்தாழ 155 மெகாபைட் தேவைப்படும். 2006இல் சொனி, பனசொனிக் நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி முறையோ அதனை விநாடிக்கு 3 மெகாபைட் அளவுக்குள் அடக்கியது. ஐம்பதில் ஒரு பங்கு! இது எவ்வாறு இயலும்?

ஒரு பலசரக்குக் கடைக்காரரின் இருப்புக் கணக்கை எண்ணிப் பாருங்கள். திங்களன்று முழு இருப்பையும் எழுதுகிறார். பின்வரும் நாட்களில் கூடியதையும் குறைந்ததையும் மட்டுமே குறிக்கிறார். ஏடு மிச்சமாகிறது. ஆனால் வியாழக்கிழமை இருப்பு என்னவென்று கேட்டால், திங்கள் முதல் கூட்டிக் கழித்துத்தான் அவரால் விடைகூற முடியும். எச்.264, எச்.265 முறைகளும் இவ்வாறே இயங்குகின்றன. அரை விநாடிக்கோ ஒரு விநாடிக்கோ ஒருமுறைதான் முழுச் சட்டகம் எழுதப்படுகிறது. இடைப்பட்டவை முன்னுள்ள சட்டகத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்கின்றன. சில, பின்வரும் சட்டகத்தையும் துணைக்கு அழைக்கின்றன.

தொடர்ச்சியாகப் பார்ப்பதற்கு இது சிறந்த ஏற்பாடு. படத்தொகுப்பாளரோ முன்னும் பின்னும் ஓடுகிறார், நடுவில் வெட்டுகிறார். அவர் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் கணினி திங்கட்கிழமைக்குச் சென்று திரும்ப வேண்டியுள்ளது. சிறிய ஒளிநாடாக்களில் பதிவான பழைய டிவி முறையில் ஒவ்வொரு சட்டகமும் தனித்து முழுமையாக இருந்தது. அதனாற்றான் அக்காலக் கணினிகளிலும் அதனைத் தடையின்றி வெட்டி ஒட்ட முடிந்தது.

இதற்குத் தீர்வாக வந்தவையே இடைநிலை வடிவங்கள். அவிட் நிறுவனம் 2004இல் டிஎன்எக்ஸ்எச்டி முறையையும், அப்பிள் நிறுவனம் 2007இல் புரோரெஸ் முறையையும் வெளியிட்டன. இவற்றில் ஒவ்வொரு சட்டகமும் தன்னளவில் முழுமையானது. கணினிக்கு வேலை குறைகிறது. வன்தட்டில் இடம் கூடுதலாகச் செலவாகிறது. விநாடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட ஒரு மணி நேரப் பதிவு, ஏவிசிஎச்டியில் ஏறக்குறைய 11 கிகாபைட். புரோரெஸ் 422இல் 55 கிகாபைட். இருபது மணி நேர நேர்காணல்களுக்கு ஒரு டெராபைட்டையும் தாண்டிவிடும். இம்மாற்றத்தால் படத்தின் தரம் உயர்ந்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். ஒளிப்படக்கருவி விட்டுவிட்ட விபரத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

இடவசதி இல்லாதோர்க்கு இன்னொரு வழி உண்டு. குறைந்த அளவில் பதிலிக் கோப்புகளை உருவாக்கி, அவற்றில் தொகுத்து, இறுதியில் மென்பொருளை மூலக்கோப்புகளுடன் மீள இணைப்பது. டாவின்சி ரிசோல்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதனைச் செய்யும். மாற்றும் பணிக்கு 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருள் போதுமானது. புதிய கணினிகளின் செயலிகள் சுருக்கத்தை விரைவாக அவிழ்க்கின்றன என்பது உண்மையே. எனினும் எமது தொண்டர்களிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய மடிக்கணினிகள்.

கைத்தொலைபேசிப் பதிவுகளில் ஒன்றைக் கவனியுங்கள். வெளிச்சத்துக்கும் சுமைக்கும் ஏற்ப அவை சட்டக வேகத்தை மாற்றிக்கொள்கின்றன. நேர்காணல் நீள நீள உதடும் ஒலியும் விலகுவதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது. மாற்றும்போதே நிலையான வேகத்தைத் தெரிவுசெய்துவிடுங்கள்.

இனி, இவ்வுரையின் முதன்மையான செய்திக்கு வருகிறேன். மாற்றிய பின்னர் "இடம் போதவில்லை" என்று மூலக்கோப்பை அழிக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. தயவுசெய்து அதனைச் செய்யாதீர்கள்.

2009 ஓகஸ்ட் 25 அன்று பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, இலங்கையில் கைதிகள் சுட்டுக்கொல்லப்படுவதைக் காட்டும் காணொளியை ஒளிபரப்பியதை நீங்கள் அறிவீர்கள். அது போலியானது என்று இலங்கை அரசு மறுத்தது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் அதனை மூன்று நிபுணர்களிடம் ஒப்படைத்தார். அது உண்மையானது என்பதையே அவர்களது ஆய்வுகள் வலுவாகச் சுட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் அவர் அறிவித்தார். அதேவேளை, கோப்பினுள் பதிந்திருந்த 2009 யூலை 17 என்ற திகதியையும், இறுதியில் இருந்த 17 சட்டகங்களையும் நிபுணர்களால் விளக்க இயலவில்லை என்பதும் பதிவாகியது. அதற்குப் பின் வந்த கிறிஸ்ரொஃப் ஹெய்ன்ஸ், நீண்ட காணொளி ஒன்றையும் ஆய்வுக்கு உட்படுத்தி, அது உண்மையானதே என்று 2011இல் மனித உரிமைகள் பேரவையில் தெரிவித்தார்.

ஒரு திகதி, பதினேழு சட்டகங்கள். விநாடிக்கும் குறைவான பகுதி. அவ்வளவு நுணுக்கமாக ஒரு கோப்பு சோதிக்கப்படும். ஒரு பதிவை வேறு வடிவுக்கு மாற்றும்போது பதிவான திகதி, கருவியின் பெயர், சுருக்கத்தின் தடம் ஆகியவை மாறவோ மறையவோ கூடும். உங்கள் முன் அமர்ந்து பேசும் அம்மாவின் சொற்கள் நாளை எந்த அவையில் தேவைப்படும் என்று இன்று எவராலும் கூற இயலாது. அன்று கேட்கப்படுவது நீங்கள் அழகாகத் தொகுத்த படம் அன்று. கருவியிலிருந்து வெளிவந்த முதற்கோப்பே.

ஆகவே, இந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள். நினைவக அட்டையிலுள்ள கோப்புறைகளை அமைப்புக் குலையாமல் முழுமையாகப் படியெடுங்கள். ஏவிசிஎச்டி கருவிகள் நீண்ட பதிவைத் துண்டுகளாக எழுதுகின்றன. தனித்தனியே இழுத்தெடுத்தால் இணைப்பில் ஒலி அறுபடும். அடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் சரிபார்ப்பு எண்ணைக் கணித்து எழுதிவையுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். பின்னர் இரு வன்தட்டுகளில், இரு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். இவையெல்லாம் முடிந்த பிறகே அட்டையை வெறுமையாக்குங்கள். அதன் பிறகே மாற்றத் தொடங்குங்கள். தொகுப்பு நிறைவுற்றதும் இடைநிலைக் கோப்புகளை அழித்துவிடலாம். அவற்றை எப்போதும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.

நாம் கூடியிருக்கும் நியூ லின், களிமண்ணுக்கும் செங்கல்லுக்கும் பெயர்பெற்ற ஊர். இங்கு இயங்கிய கிரவுன் லின் மட்பாண்டத் தொழிற்சாலை 1989இல் மூடப்பட்டது. எனினும் அதன் வரலாற்றைக் காப்பதற்கென தே தோய் உக்கு என்னும் அருங்காட்சியகம் இதே ஊரில் எழுந்தது. கோப்பைகளையும் தட்டுகளையும் வீடுவீடாகத் தேடிச் சேர்த்துவிடலாம். மறைந்துபோன மூத்தவரிடம் மீண்டும் சென்று ஒருமுறை சொல்லுங்கள் என்று கேட்க இயலாது.

இன்றிரவு வீடு திரும்பியதும், உங்கள் இழுப்பறையில் கிடக்கும் நினைவக அட்டைகளை எண்ணிப் பாருங்கள். படியெடுக்கப்படாத ஒன்றேனும் இருந்தால், அதிலிருந்தே தொடங்குங்கள்.