விளக்கை அணைக்காதீர்கள்!

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"சார், எஞ்சினே இல்லாம ஏரோப்ளேன் பறக்குமா?" என்று ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். பறக்கும். அதற்குக் கிளைடர் என்று பெயர். செம்பனைக் காட்டுக்கு மேலே பருந்து இறக்கையை அடிக்காமல் வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் சூடேறிய காற்று மேலே எழும்பிப் பருந்தைத் தூக்குகிறது. கிளைடரும் அப்படித்தான் ஏறுகிறது.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. காற்று எழும்பும் இடம் ஒன்று கிடைத்தால், பல கிளைடர்கள் அதிலேயே சுற்றும். ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளை ஒட்டி எதிரும் புதிருமாகப் பறக்கும். கிளைடரும் வெள்ளை, மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை. நேர் எதிரே வருவது மெல்லிய கோடு போலத்தான் தெரியும். கண்ணை மட்டும் நம்பிப் பறந்தவர்கள் மோதி உயிரிழந்திருக்கிறார்கள்.

இதைத் தடுக்க 2004-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் 'ஃபிளார்ம்' என்ற சிறு கருவி வந்தது. துணைக்கோளின் உதவியால் தான் இருக்கும் இடத்தை அறிந்து, அடுத்த சில விநாடிகளில் போகப்போகும் பாதையைக் கணக்கிட்டு, வானொலி அலையில் அது சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கிளைடரின் கருவியும் அப்படியே சொல்லும். மோதும் அபாயம் தெரிந்தால் உடனே கூவும். ஆனால் எதிரே வருபவரிடமும் அதே மொழி பேசும் கருவி இருக்க வேண்டுமே!

பயணிகள் விமானம் கேட்பது வேறு மொழி. அதற்கு 'டிரான்ஸ்பாண்டர்' என்ற கருவி வேண்டும். அதற்குப் பேட்டரி கூடுதலாகச் செலவாகும்.

2006 ஆகஸ்டு 28-ஆம் நாள் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஏறக்குறைய 16,000 அடி உயரத்தில், ஒரு சிறிய ஜெட் விமானமும் கிளைடரும் மோதின. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க விமானி அதை அணைத்து வைத்திருந்தார்! அவர் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். ஜெட்டும் எப்படியோ தரையிறங்கியது. அனைவரும் பிழைத்தது பெரும் பாக்கியம்.

ஆகவே, எந்தக் கருவி நல்லது என்று கேட்டால் என் பதில் இதுதான்: உன் வானத்தில் உன்னோடு யார் பறக்கிறார்கள் என்று முதலில் பார். கிளைடர்கள் என்றால் ஃபிளார்ம். பெரிய விமானங்களும் வரும் என்றால் டிரான்ஸ்பாண்டரும் வேண்டும். பயணம் முடியும்வரை தாங்கும் பேட்டரி வேண்டும். எது இருந்தாலும் கண் வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும்.

பெற்றோர்களே, நமக்கும் கிளைடருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்களா? விடியாத இருட்டில் மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்குப் போகிறீர்கள். பிள்ளையையும் பின்னால் ஏற்றி வருகிறீர்கள். "எனக்குத்தான் ரோடு தெரியுதே, பின்லைட் எதுக்கு?" என்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பின்விளக்கு நமக்காக எரிவதில்லை ஐயா. பின்னால் வரும் லாரிக்காரருக்கு நம் பிள்ளை தெரிவதற்காக எரிகிறது.

நாளைக் காலை பிள்ளையை ஏற்றுமுன் அது எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். மாணவர்களே, அப்பா மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.