பழிச் சின்னமும் பணியாத உள்ளமும்



அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்ன் 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஸ்கார்லெட் லெட்டர்' என்னும் நாவலின் தலைவி ஹெஸ்டர் பிரின். அவளைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம். மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் 1692ஆம் ஆண்டு சூனியக்காரிகள் எனப் பலரைக் குற்றஞ்சாட்டி விசாரித்த நீதிபதிகளுள் ஹாதார்னின் முன்னோரும் ஒருவர். ஊர்கூடிப் பழிப்பதன் கொடுமையைத் தம் குடும்ப வரலாற்றிலேயே அறிந்தவர் ஆசிரியர்.

கதை நிகழ்வது 17ஆம் நூற்றாண்டின் பாஸ்டனில். கணவன் உடனில்லாத காலத்தில் ஹெஸ்டர் ஒரு பெண் மகவை ஈன்றாள். பியூரிட்டன் சமயத்தாரின் ஆட்சி அவளைக் கைக்குழந்தையுடன் சந்தை வெளியில் ஒரு மேடைமீது மூன்று மணி நேரம் நிறுத்தியது. விபசாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான 'ஏ' என்பதை வாழ்நாள் முழுதும் மார்பில் அணியவும் பணித்தது. அவளோ அச்சிவப்பு எழுத்தைப் பொன்னிழையால் பூவேலை செய்து அணிந்து வந்தாள். தந்தை யாரென வற்புறுத்திக் கேட்டும் கூறவில்லை. கேட்டவர்களுள் ஒருவரே அத்தந்தை. ஊர் போற்றும் போதகர் டிம்ஸ்டேல்.

ஊரைவிட்டுச் செல்ல அவளுக்குத் தடையில்லை. ஆயினும் ஊர்ப்புறத்தே கடலோரக் குடிலில் தங்கி, ஊசியையும் நூலையும் நம்பி வாழ்ந்தாள். ஆளுநரின் ஆடைக்கும், குழந்தையின் தொப்பிக்கும் அவள் கைவேலை வேண்டியிருந்தது. மணமகளின் முக்காட்டுக்கு மட்டும் அது ஆகாதாம்! உழைப்பைப் பெற்றுக்கொண்டு உழைத்தவரை ஒதுக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று.

குழந்தையைப் பிரிக்க ஆட்சியாளர் எண்ணியபோது, ஆளுநர் மாளிகைக்கே சென்று வாதாடினாள். போதகரையும் தனக்காகப் பேச வைத்தாள். நோயுற்றோர்க்குத் துணை நின்றாள். நாளடைவில் அவ்வெழுத்துக்கு 'ஆற்றல் உடையவள்' என ஊரார் புதுப்பொருள் கூறினர். எழுத்து மாறவில்லை, அதன் பொருளை அவள் உழைப்பு மாற்றியது.

உண்மையை மறைத்த போதகர் ஏழாண்டுகளில் நலிந்து, அதே மேடையில் அதனை ஒப்புக்கொண்டு உயிர் நீத்தார். மகளுடன் கடல் கடந்து சென்ற ஹெஸ்டர், பல்லாண்டுகளுக்குப் பின் தானே திரும்பி வந்தாள். துயருற்ற பெண்கள் அவள் குடிலை நாடி அறிவுரை கேட்டனர்.

இளைஞர்களே, 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று இக்கதையை முடித்துவிடலாகாது. அவள் பொறுமை பெரிது. அதனால் அவளுக்கு இழைத்தது நீதியாகிவிடாது. மேடையைச் சூழ்ந்த பெண்களுள் சிலர் தண்டனை போதாதென்றனர். பிள்ளையின் கைபற்றி நின்ற ஓர் இளம் தாய் மட்டும் இரங்கினாள். நம் தெருவில் ஒரு பெண்ணின்மீது பழிச்சொல் எழும்போது, நாம் யார் பக்கம் நிற்கிறோம்? அவள் படிப்பு நிறுத்தப்படுகிறது; ஆண்மகனின் படிப்போ தொடர்கிறது.

பிறப்பின் பெயரால் நம்மீது குத்தப்பட்ட முத்திரையைக் கல்வியால் எதிர்த்து நிற்பவர்கள் நாம். நம் பெண்மக்கள்மீது நாமே முத்திரை குத்தலாமா? பழிக்கப்பட்ட பெண்ணை மறுநாளே பள்ளிக்கு அழைத்துச் செல்லும் கை, நம் கையாக இருக்கட்டும்.